கூழ், கிரேவி, இறகு

ஜனவரி 6, செவ்வாய்

இந்த டைரி வக்கீல் ஆபீசில புதுவருஷத்துக்குக் கொடுத்தது. வாய்தா தேதி குறிச்சு வைக்கலாம்னு எடுத்துட்டு வந்தேன். இருபது வருஷமா ஊர்க்காரன் கேசையெல்லாம் டைப் அடிச்சாச்சு. இனிமே இதுல என் கேஸ்.

திருச்சியில மக வீட்டுல பத்து நாள் இருந்துட்டு இன்னைக்குக் காலையில வந்து இறங்கினேன். பூட்டைத் திறக்கறதுக்கு முன்னாடியே "கறுப்பி"ன்னு குரல் கொடுத்தேன். வரல. எப்பவும் என் செருப்புச் சத்தத்துக்கே ஓடி வர்ற பூனை.

மாடிப்படியில தாட்சாயணி நின்னுட்டிருந்தா. என் தம்பி டில்லிபாபுவோட பொண்டாட்டி. கீழ்வீடு எனக்கு, மேல்வீடு அவனுக்குன்னு அப்பா எழுதி வச்சுட்டுப் போனாரு. மொட்டை மாடி ரெண்டு பேருக்கும் பொது. அந்தப் பொது மாடியில அவன் புறாக் கூண்டை என் பங்குக்குள்ள தள்ளிப் போட்ட நாள்லருந்து அவனோட எனக்குப் பேச்சு இல்ல. தாட்சாயணிதான் நடுவுல. ஊருக்குப் போறப்ப கறுப்பிக்குத் தீனி வைக்க அவகிட்டதான் சொல்லிட்டுப் போனேன். பூனைன்னா அவளுக்குக் குலை நடுக்கம். தீனிப் பாக்கெட்டைத் தட்டுல பிழிஞ்சு வச்சுட்டு ஓடிடுவா.

"அண்ணி, என்னைத் திட்டாதீங்க" ன்னா. கூண்டுக்கு வெளிய மூணு புறா கிழிஞ்சு கிடந்துச்சாம். பக்கத்துலயே கறுப்பி படுத்திருந்தாளாம். அவளைச் சாக்குல போட்டு ஸ்கூட்டர்ல கட்டி எடுத்துட்டுப் போயிட்டானாம் என் தம்பி. எங்க விட்டான்னு அவகிட்டயும் சொல்லலையாம்.

கறுப்பி புறாவைக் கிழிச்சாளாம்! போன ஆடி மாசம் ஈறெல்லாம் புண்ணாகி, டாக்டர் அவ பல்லையெல்லாம் பிடுங்கிட்டாரு. ஒண்ணு பாக்கி இல்ல. அன்னைக்கிலருந்து அவளுக்குக் கூழ் மாதிரி இருக்கிற பாக்கெட்தான். சின்னக் கட்டி இருந்தாக்கூட துப்பிடுவா. விரலைக் கடிச்சாலும் வலிக்காது. அவதான் புறாவைக் கிழிச்சாளாம்.

மாடி ஏறிப்போய் அவன் மூஞ்சிக்கு நேரா இதைக் கத்தியிருக்கணும். ரெண்டு படி ஏறினேன். நின்னுட்டேன். அவன்கிட்ட நான் போய் வாயைத் திறக்கறதா? கையில இருக்கிற சாட்சியத்தை முதல் வாய்தாவுலயே எவனாவது காட்டுவானா? பத்து பேர் நிக்கிற இடத்துல, அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்கிற நாள்ல சொல்றேன். தலையைத் தொங்கப் போடட்டும்.

சாயங்காலம் கதவைத் திறந்தா வாசப்படியில ஒரு குட்டி. கறுப்பிக்கு மார்கழியில மொட்டை மாடியில பிறந்தது. அவ காணாமப் போனதும் ரெண்டு செத்துப்போச்சுன்னு தாட்சா சொன்னா. இது ஒண்ணு மட்டும் கம்புத் தானிய வாசனை அடிக்கிற ஒரு சாக்குத் துண்டு மேல உட்கார்ந்து கத்திட்டிருந்துச்சு. நடையே இன்னும் சரியா வரல, மொட்டை மாடியிலருந்து தானா இறங்கி வந்திருக்கு! என்ன வைராக்கியம்!

ஜனவரி 7, புதன்

கறுப்பியோட கூழ் பாக்கெட்டைப் பிழிஞ்சு வச்சேன். குட்டி அதுமேல ஏறி நடந்துச்சு. திங்கல.

பெட் ஷாப்புல ஷெரின்னு ஒரு பொண்ணு இருக்கா. "ஆன்ட்டி, அது பெரிய பூனைக்கு. குட்டிக்கு வேற" ன்னு குட்டிப் பாக்கெட் கொடுத்தா. இதுவும் கூழ்தான், ஆனா இன்னும் மென்மையா, வெண்ணெய் மாதிரி. இப்போதைக்கு வெந்நீர் விட்டுக் கஞ்சியாக் கரைச்சு விரல்ல தொட்டு நாக்குல வைக்கணுமாம். ரெண்டு வாரம் போனா கூழை அப்படியே. அப்புறம் பொடித்துண்டு. அப்புறம் கிரேவி, ஜெல்லின்னு ஒவ்வொண்ணாக் காட்டணும். "ஒரே தினுசைக் கொடுத்துப் பழக்கிட்டா அப்புறம் வேற எதையும் தொடாது ஆன்ட்டி. இப்பவே எல்லாத்தையும் பழக்கணும்."

எல்லாத்தையும் பழக்கறேன்மா. கூழ், துண்டு, எலும்பு, அப்புறம் புறா.

விரல்ல வச்சு ஊட்டினேன். நாக்கு உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்துச்சு. டில்லிக்குச் சின்ன வயசுல அம்மை போட்டு வாயெல்லாம் புண்ணாக் கிடந்தப்ப, பருப்புசாதத்தைக் கூழாப் பிசைஞ்சு இதே மாதிரி விரல்ல வச்சு ஊட்டினவ நான். நன்றி கெட்ட நாய். அது எதுக்கு இப்ப நினைப்பு வருதுன்னு தெரியல.

பேர் வச்சாச்சு. சுறா.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். தாட்சா சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தா. வாங்கிக்கிட்டேன், அது அவ கைவேலை. கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கறப்ப பேச்சுவாக்குல டில்லியோட புறாவைப் பத்திக் கேட்டேன். மே மாசக் கடைசியில கர்ணப் புறாப் பந்தயமாம். காலையில விடுற புறா எவ்வளவு நேரம் வானத்துலயே நிக்குதோ அதுக்குக் கப்பாம். ‘கலெக்டர்’னு ஒரு சாம்பல் புறா வச்சிருக்கான். அதை நம்பிதான் மனுஷன் தூங்கி எழுந்திரிக்கிறாராம்.

மே மாசத்துல சுறாவுக்கு அஞ்சு மாசம் ஆகியிருக்கும். போதும்.

ஜனவரி 24, சனி

கஞ்சியிலருந்து கூழுக்கு வந்தாச்சு. தட்டுல மூஞ்சியை முக்கிட்டு மீசையெல்லாம் பூசிக்கிட்டு நிமிருது. சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன். இது செல்லம் கொஞ்ச வளர்க்கிற பூனை இல்ல.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்னைக்குப் புது பாடம். மாடியில துணி காயப் போடப் போனப்ப அவன் புறாங்க உதிர்த்த இறகைப் பொறுக்கிட்டு வந்தேன். சுறாவோட தட்டைச் சுத்தி வட்டமா வச்சு நடுவுல கூழ். இந்த வாசனைன்னா சாப்பாடுன்னு மூளையில ஏறணும்.

முதல் நாள் தும்மிக்கிட்டே இருந்துச்சு. பரவாயில்ல, பழகிடும்.

அவன் புறாவைக் கீழ கூப்பிட தினம் சாயங்காலம் ஒரு தகர டப்பாவுல கடலையைப் போட்டுக் குலுக்குவான். அந்தச் சத்தம் கேக்கிற நேரம் பார்த்துத்தான் நானும் தட்டை வைக்கிறேன். ஆபீசுலருந்து இதுக்குன்னே ஓடி வர்றேன். வக்கீல் சார், "அமுலும்மா, அஞ்சு மணி அடிச்சா காணாமப் போயிடுறீங்களே" ங்கறாரு. என் கேஸ் சார், உங்களுதை விடப் பெருசு.

பிப்ரவரி 22, ஞாயிறு

பொடித்துண்டு போட்ட பாக்கெட்டை ஆரம்பிச்சேன். சுறா சாறை மட்டும் நக்கிட்டு துண்டையெல்லாம் ஓரமா வரிசை கட்டி வச்சிருக்கு. அப்படியே அவங்கம்மா! துண்டைக் கரண்டியால நசுக்கிக் கூழோட கலந்து வச்சேன். தின்னுச்சு. ஷெரின் சொன்னா, நசுக்கறதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கிட்டே வரணுமாம்.

அலமாரியில கறுப்பியோட பாக்கெட் ஒரு டப்பா நிறைய அப்படியே இருக்கு. ஷெரின் மாத்தித் தர்றேன்னா. வேணாம்னுட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

இப்பல்லாம் நசுக்கறதில்ல. மாடிக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரு புறா கூண்டு முன்னாடி இருக்கிற பலகையிலருந்து இறங்கி கிட்டக்க நடந்து வந்துச்சு. பாய்வான்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். சுறா புறாவைப் பார்த்தா. அப்புறம் திரும்பி என்னைப் பார்த்து "மியாவ்" ன்னா. புறா வந்துடுச்சு, தட்டு எங்கன்னு கேக்குறா!

என் தலையில நானே அடிச்சுக்கிட்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

மூணு புறாவைக் கொன்னது யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு.

காலையில துணி உதறிக்கிட்டு இருந்தேன். சுறா கீழ வீட்டுக்குள்ள, கதவு சாத்தியிருக்கு. வானத்துலருந்து ஒரு பைரிப் பருந்து கல்லு விழற மாதிரி விழுந்துச்சு. கூண்டு மேல இருந்த வெள்ளைப் புறா ஒண்ணை அங்கயே அமுக்கி, இறகைப் பிடுங்கி எறிஞ்சு, மார்பைக் கொத்தித் தின்னுச்சு. நான் கம்பெடுத்து விரட்டல. அசையாம நின்னு பார்த்தேன். அது தின்னு முடிச்சு நிதானமாப் பறந்து போச்சு.

புறா வளர்க்கிறவனுக்கு இது தெரியாதா? கழுத்தைக் கடிச்சிருந்தா பூனை, மார்பைக் கொத்தியிருந்தா பைரி. அன்னைக்கு அவன் கண்ணு புறாவைப் பார்க்கல. பக்கத்துல கறுப்பி படுத்திருக்கறதைத்தான் பார்த்திருக்கு.

டில்லி மாடிக்கு வந்து அந்தப் புறாவைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டே நின்னான். மார்பைத் தொட்டுப் பார்த்தான். நான் படியில இறங்கிட்டே தாட்சாகிட்ட சத்தமா, அவன் காதுல விழறாப்ல சொன்னேன். "என் பூனை நேத்து ராத்திரிலருந்து வீட்டுக்குள்ள இருக்கு. வேணும்னா வந்து பார்த்துக்கச் சொல்லு."

பைரியைப் பார்த்தேன்னு சொல்லல. எனக்கென்ன தலையெழுத்து?

மார்ச் 17, செவ்வாய்

ரெண்டு நாளா டில்லி விடிகாலையில ஸ்கூட்டரை எடுத்துட்டு எங்கயோ போறான். வெயில் ஏறினப்புறம் வர்றான். புறாவுக்கு மருந்து வாங்கப் போறான் போல.

ஏப்ரல் 5, ஞாயிறு

சுறா ஒரு வாரமா சாயங்காலச் சாப்பாட்டைச் சரியாத் தொடறதில்ல. கிரேவித் துண்டை மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறா. வயிறு மட்டும் பந்து மாதிரி இருக்கு. பூச்சியோன்னு ஷெரின்கிட்ட மருந்து வாங்கிக் கொடுத்தேன்.

மாடிப்படிக்குக் கீழ இருக்கிற குப்பைத் தொட்டியில ஒரு பாக்கெட் கிடந்துச்சு. சூரை மீன் கிரேவி. நான் கோழிதானே வாங்குறேன்? ஷெரின் மாத்திப் போட்டிருப்பா. அந்தப் பொண்ணுக்கு எந்நேரமும் ஃபோன்லதான் கவனம்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. சுறாவோட தட்டுல அரிசி மாதிரி என்னமோ கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தா பல்லு! வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு சிவந்து, ரெண்டு இடம் காலி.

கறுப்பிக்கு வந்தது இதுக்கும் வந்துடுச்சுன்னு நினைச்சேன். முந்தானையில சுத்தி எடுத்துக்கிட்டு ஆட்டோ பிடிச்சு டாக்டர்கிட்ட ஓடினேன். லீவு நாள்ல மனுஷனை வீட்டுலருந்து இறக்கிட்டேன். அவர் பார்த்துட்டுச் சிரிக்கிறாரு. "பால்பல்லும்மா. விழுந்து புதுசு முளைக்கும். உங்க பேரப்பிள்ளைக்கு விழாதா?"

அழுகை வந்துடுச்சு. ஆட்டோவுல வர்றப்ப டிரைவர் என்னம்மா யாருக்கு என்னன்னு கேட்டாரு. ஒண்ணுமில்ல, பல்லுன்னேன்.

ஈறு ஆறுற வரைக்கும் மறுபடியும் கூழ். கறுப்பியோட டப்பாவுலருந்து எடுத்து வைக்கலாமான்னு கையை நீட்டினேன். எடுக்கல. கடைக்குப் போய்ப் புதுசு வாங்கிட்டு வந்தேன். அந்தப் பல்லை ஊசி நூல் வைக்கிற டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.

மே 10, ஞாயிறு

புதுப்பல்லு வந்தாச்சு! கொட்டாவி விடறப்ப நாலு கோரைப்பல்லும் பளிச்சுன்னு தெரியுது. கோழிக் கழுத்தை அவிச்சுப் போட்டேன். தூக்கிட்டுப் போய்க் கட்டிலுக்கடியில உட்கார்ந்து நறுக்கு நறுக்குன்னு கடிக்கிறா. காதுக்கு என்ன இனிமை!

இன்னும் ரெண்டே வாரம். கலெக்டரே, உனக்கு வாய்தா வந்தாச்சு.

சாயங்காலம் தகர டப்பா சத்தம் கேட்டதும் சுறா ஜன்னல் வழியாப் பாய்ஞ்சு மாடிக்கு ஓடுறா. இப்ப தினமும் ஓடுறா. போகட்டும், இடம் பழகட்டும்.

மே 24, ஞாயிறு

பந்தயம். நடந்ததை அப்படியே எழுதுறேன்.

விடியறதுக்கு முன்னாடியே மாடியில கூட்டம். காதர் பாய்தான் ரெஃப்ரி. நாற்காலி போட்டு உட்கார்ந்து கலெக்டரோட ரெக்கையில முத்திரை குத்தி, மணி பார்த்து விட்டாரு. சட்டம் என்னன்னா, புறா போனப்புறம் சொந்தக்காரன் கூண்டுகிட்டயும் பலகைகிட்டயும் போகக்கூடாது. கொடி ஆட்டக்கூடாது, கல்லெறியக்கூடாது. புறா தானா வந்து பலகையில இறங்கணும். ரெஃப்ரி கண்ணுக்கு முத்திரை தெரியற வெளிச்சம் இருக்கணும். இருட்டிட்டா அவ்வளவு நேரம் பறந்ததும் ரத்து.

நாலு மணிவாக்குல கலெக்டர் கீழ வர ஆரம்பிச்சுது. அந்த நேரம் பார்த்து சுறாவை அவுத்து விட்டேன். விட்ட வேகத்துல மாடிக்குப் போனா. நானும் பின்னாடியே படி ஏறி, தண்ணித் தொட்டி ஓரமா நின்னுக்கிட்டேன்.

சுறா நேரா இறங்கு பலகையில ஏறினா. வாலைச் சுத்தி வச்சுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டா. பாயல, பதுங்கல. சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கா!

கலெக்டர் வந்துச்சு, பலகையில பூனையைப் பார்த்துச்சு, மறுபடியும் ஏறிடுச்சு. கூட்டம் கையைத் தட்டுது. "ஏறிச்சுடா! டில்லி, ஏறிச்சுடா உன் கலெக்டர்!" போட்டியில இருந்த கொளத்தூர்க்காரன் புறா அப்பவே இறங்கிடுச்சுன்னு ஃபோன் வருது. ஒவ்வொரு தரமும் புறா இறங்க வரும், சுறாவைப் பார்க்கும், ஏறும். ஒவ்வொரு தரமும் விசில். அடிப்பாவி, உன்னை எதுக்கு வளர்த்தேன், நீ யாருக்குக் கப்பு வாங்கித் தர்றே?

வெயில் சாய ஆரம்பிச்சதும் விசில் நின்னுபோச்சு. நிக்கிற நேரமெல்லாம் லாபம்தான், ஆனா வெளிச்சத்துல இறங்கலேன்னா எல்லாம் தண்ணியில போயிடும். டில்லி மூஞ்சி வெளுத்துது. கிட்ட போகவும் முடியாது, விரட்டவும் முடியாது. தாட்சா கைகூப்பிப் பார்த்தா, சுறா அசையல. வெளியாளு போனா புறா மிரண்டு ஊரைவிட்டே போயிடும். அந்த மாடியில புறாவுக்கும் பூனைக்கும் பழகின ஆள் நான் ஒருத்திதான்.

டில்லி என் பக்கம் வந்தான். ரெண்டு வருஷம் கழிச்சு. அத்தனை பேரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க.

"அக்கா" ன்னான். "உன் பூனையைக் கூப்பிடுக்கா."

அவன் சட்டைப் பையிலருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினான். சூரை மீன் கிரேவி. "இதைக் கிழிக்கிற சத்தம் கேட்டாத்தான் வரும். நான் தினம் அந்தப் பலகைலதான் வச்சுக்கினு இருந்தேன். இன்னைக்கு வைக்க முடியல, அதான் குந்திக்கினு கீது."

என் சுறாவுக்கு இவன் சோறு போட்டிருக்கான்! நான் இறகு வச்சுப் பழக்கினதையெல்லாம் இவன் சாயங்காலம் சாயங்காலம் கிரேவி ஊத்திக் கெடுத்திருக்கான். பாக்கெட்டைப் பிடுங்கினேன். இதுதான் நான் காத்திருந்த இடம். பத்து பேருக்கு மேலயே இருந்தாங்க.

"கறுப்பி எங்கடா?"

"அது இப்ப இன்னாத்துக்குக்கா..."

"உன் புறாவைக் கிழிச்சுதுன்னு சாக்குல கட்டினியே, அந்தக் கறுப்பி எங்க? காதர் பாய், நீங்களும் கேளுங்க. போன ஆடி மாசம் அவ பல்லு அத்தனையையும் டாக்டர் பிடுங்கிட்டாரு. ஒரு பல்லு இல்ல. பல்லே இல்லாத பூனை இவன் புறாவைக் கிழிச்சுதாம்! கொன்னது பைரி. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

காதர் பாய் டில்லியைப் பார்த்தாரு. தலையைத் தொங்கப் போடுவான்னு நினைச்சேன். போடல. என்னையே வெறிச்சுப் பார்த்தான்.

"பல்லு இல்லியா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட இல்லடா."

"காசிமேட்டுல விட்டேன்கா" ன்னான். குரல் உள்ள போயிடுச்சு. "கோவத்துல எடுத்துக்கினு போயிட்டேன். சாவடிக்க மனசு வரல. மீன் ஏலம் போடற இடம், தரையெல்லாம் மீனாக் கெடக்கும், ராணி மாதிரி துன்னுக்கினு இருக்கும்னு அங்க விட்டேன். பைரி அடிச்சப்போ எனக்கே தெரிஞ்சுபோச்சு. ஒரு வாரம் போய்த் தேடினேன். கிடைக்கல. எங்கனா நல்லாத் துன்னுட்டு கெடக்கும்னு விட்டுட்டேன். அதான் இந்தக் குட்டிக்குச் சோறு போட்டேன். குட்டியையும் நான்தான்கா உன் வாசல்ல..."

"முள்ளும் செதிலுமா இருக்கிற மீனை அது எதைவச்சுடா திங்கும்?"

அவன் உட்கார்ந்துட்டான். தரையில, அப்படியே.

"ஏன்க்கா" ன்னான். "அன்னைக்கே சொல்லியிருந்தா அப்பவே போய் எடுத்துக்கினு வந்திருப்பேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

நான் பலகைப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

எழுந்திரிச்சான். படியில இறங்கினான். கொஞ்ச நேரத்துல ஸ்கூட்டர் கிளம்பற சத்தம் கேட்டுச்சு. பந்தயத்தையும் கலெக்டரையும் வானத்துல விட்டுட்டுப் போயிட்டான்.

காதர் பாய் வானத்தைப் பார்த்தாரு. "இன்னும் வெளிச்சம் கீதும்மா. பூனையைக் கூப்பிட்டா கப்பு உன் தம்பிக்கு."

கையில பாக்கெட். பலகையில சுறா. தலைக்கு மேல புறா சுத்திச் சுத்தி வருது. மூலையைக் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கிழிக்கல. தண்ணித் தொட்டித் திண்டுல உட்கார்ந்துக்கிட்டேன். ஜனவரியிலருந்து நான் இருந்த விரதம் இது, யார் சொன்னாலும் முறிக்க மாட்டேன். யாரும் ஒண்ணும் சொல்லவும் இல்ல.

காதர் பாய் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தாரு. அப்புறம் நாற்காலியை மடக்கினாரு. கப்பு கொளத்தூருக்கு.

எல்லாரும் இறங்கிப் போனப்புறம் பாக்கெட்டைக் கிழிச்சேன். சுறா குதிச்சு ஓடி வந்தா. கலெக்டர் பலகையில இறங்கிக் கூண்டுக்குள்ள போச்சு. நானே கூண்டுக் கதவைச் சாத்தினேன். சுறா ஒவ்வொரு துண்டா எடுத்துக் கடிச்சு, முழுசையும் தின்னா.

ஜெயிச்சாச்சு. கீழ வந்து காபி போட்டேன். சர்க்கரை போட மறந்திருக்கேன் போல.

மே 25, திங்கள்

அவன் நேத்து வெறுங்கையோடதான் வந்தான்.

விடிகாலையில ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் கேட்டுச்சு. கறுப்பியோட டப்பாவை அலமாரியிலருந்து எடுத்துக்கிட்டு வெளிய போனேன். அவன் பையில நாலு கிரேவி பாக்கெட் வச்சிருந்தான். "அதை வச்சிட்டு வா, கட்டி அவளுக்கு ஆகாது" ன்னேன். வச்சுட்டு வந்தான். பின்னாடி ஏறி உட்கார்ந்தேன்.

காசிமேட்டுல ஏலம் நடந்துட்டிருந்துச்சு. ஐஸ் பெட்டி ஓரமா, வலை காயப்போட்ட இடத்துல, படகு சந்துலன்னு நடந்து நடந்து பாக்கெட்டைக் கிழிச்சேன். மீன்காரம்மாங்க சிரிக்கிறாங்க. கடலே மீனாக் கிடக்கு, இந்தம்மா பூனைக்குப் பாக்கெட்டு கொண்டாந்திருக்காங்கன்னு. பூனைங்க வந்துச்சு. சாம்பல், செம்பட்டை, புள்ளி போட்டது. கறுப்பு மட்டுமே அஞ்சாறு இருந்துச்சு. அஞ்சு மாசத்துல உருவமே மாறியிருக்கும், மூஞ்சியை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

"வாயைத் திறந்து பாரு" ன்னேன்.

கறுப்பு ஒவ்வொண்ணையும் பிடிச்சு, விரலை விட்டு வாயைத் திறந்து பார்த்தான். முதல் பூனை கட்டைவிரலைக் கடிச்சுது. ரெண்டாவது மணிக்கட்டுல. ரத்தம் வடியுது, சட்டையில துடைச்சுக்கிட்டு அடுத்ததைப் பிடிச்சான். போதும்னு நான் சொல்லல. அவனும் கேக்கல.

டப்பாவுல இன்னும் பாக்கெட் இருக்கு. நாளைக்கும் வரச் சொல்லியிருக்கேன்.

எல்லாம் கடிச்சுது. ஒண்ணு கூட கறுப்பி இல்ல.